மடற்குழுவுக்கு எந்த மின்னஞ்சல் கணக்கு?

கேள்வி: இரண்டு மடற்குழுக்களில் (ஒருவர் எழுதும் மின்மடல் எல்லா உறுப்பினருக்கும் போகும் குழுக்கள்) உறுப்பினராக இருக்கிறேன். ஒன்று மென்பொருள் பற்றியது, மற்றது மொழியும் வரலாறும் பேசுவது. இணைய இணைப்பு கொடுத்த நிறுவனம் தந்த பழைய முகவரியில்தான் சேர்ந்தேன். அந்தப் பெட்டிக்கு வருவதெல்லாம் தானாக என் ஜிமெயிலுக்குத் திருப்பிவிடப்படும். படிப்பதும் பதில் எழுதுவதும் ஜிமெயிலில்தான். சில மாதங்களுக்கு ஒருமுறை, ‘உங்களுக்கு அனுப்பிய மடல்கள் திரும்பி வருகின்றன, ஆகவே நிறுத்தி வைத்திருக்கிறோம்’ என்று குழுவிலிருந்து அறிவிப்பு வருகிறது. எனக்கோ மடல்கள் ஒழுங்காகத்தான் வருகின்றன. என் பதில்கள் மட்டுறுத்துநரின் பார்வைக்கென்று நின்றுவிடுகின்றன. அவர் அனுமதித்த பிறகும் என் மடல் என் இன்பாக்ஸுக்கு வருவதில்லை. புதுக் கணக்கு தொடங்கலாமா? பாதுகாப்பானது என்று புரோட்டான் மெயிலைச் சொல்கிறார்கள். எது நல்லது?

பதில்: தொடங்குங்கள், தாமதிக்க வேண்டாம். ஆனால் எந்த நிறுவனத்தில் தொடங்குகிறீர்கள் என்பதைவிட அதை எப்படி வைத்துக்கொள்கிறீர்கள் என்பதுதான் உங்கள் தொல்லையைத் தீர்க்கும். நீங்கள் சொல்லும் மூன்று சிக்கல்களில் இரண்டுக்கு வேர் ஒன்றே. மடல் வாங்குவது ஒரு முகவரியில், எழுதுவது இன்னொரு முகவரியில், நடுவே ஒரு திருப்பிவிடுதல். மூன்றாவது கோளாறே இல்லை, ஜிமெயிலின் வழக்கம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மடல்கள் ஏன் திரும்பிப் போகின்றன? குழுவின் சர்வரிலிருந்து கிளம்பும் மடல் முதலில் உங்கள் பழைய முகவரியின் சர்வருக்கு வருகிறது. அதை அந்த சர்வர் மறுபடி ஜிமெயிலுக்கு அனுப்புகிறது. ஜிமெயில் இரண்டு சான்றுகளைத் தேடும். முதல் சான்று எஸ்பிஎஃப்: இந்த டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பகுதி) பெயரில் மடல் அனுப்ப இந்த சர்வருக்கு உரிமை உண்டா என்பது. மடலின் உறைமேல், அதாவது சர்வர்கள் பார்க்கும் அனுப்புநர் முகவரியில், இருப்பது குழுவின் பெயர், கொண்டுவந்து கொடுப்பதோ உங்கள் பழைய நிறுவனத்தின் சர்வர். குழு வெளியிட்ட உரிமைப் பட்டியலில் அந்த சர்வர் இருக்காது. முதல் சான்று போயிற்று.

இரண்டாவது சான்று டிகிம். எழுதியவரின் மெயில் சேவை மடலின் உள்ளடக்கத்தின் மேல் போடும் மின்கையொப்பம் இது. பெரும்பாலான குழுக்கள் தலைப்பு வரியின் முன்னால் குழுப் பெயரைச் சேர்க்கும், அடியில் நாலு வரி குறிப்பையும் ஒட்டும். ஓர் எழுத்து மாறினாலும் கையொப்பம் செல்லாது. இரண்டாவதும் போயிற்று.

இப்போது டிமார்க் வருகிறது. சோதனையில் தவறிய மடலை என்ன செய்வது என்று ஒரு டொமைன் வெளியிடும் அறிவிப்பு இது. எழுதியவரின் டொமைன், ‘என் பெயரில் வருவது இந்தச் சோதனைகளில் தவறினால் ஏற்காதே’ என்று அறிவித்திருந்தால், ஜிமெயில் 550 என்ற எண்ணோடு, 5.7.26 என்ற துணைக் குறியீட்டோடு மடலை மறுத்துவிடும். மறுக்கப்பட்ட மடல் உறையில் உள்ள முகவரிக்குத் திரும்பும். அதாவது குழுவுக்கு. குழுவின் மென்பொருளுக்கு இந்த உள்விவரம் எதுவும் தெரியாது. உங்கள் பெயருக்கு நேரே ஒரு தவறு என்று எழுதிக்கொள்ளும்.

‘எனக்கு மடல்கள் ஒழுங்காக வருகின்றனவே’ என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லா டொமைன்களும் இப்படி அறிவிப்பதில்லை. கடுமையாக அறிவித்த டொமைன்களிலிருந்து எழுதும் சிலருடைய மடல்கள் மட்டும் உங்களுக்கு வராமல் போயிருக்கும். வராததை நீங்கள் எப்படிக் கவனிப்பீர்கள்? குழுவின் மடல்கள் சேர்ந்திருக்கும் இணையக் காப்பகத்தைத் திறந்து, ஒரு நீண்ட உரையாடலை உங்கள் பெட்டியில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குறிப்பாக யாஹூ, ஏஓஎல் முகவரிக்காரர்களின் மடல்களைத் தேடுங்கள். 2014 ஏப்ரலில் அந்த இரண்டு நிறுவனங்களும் ‘ஏற்காதே’ என்று அறிவித்தபோது உலகெங்கும் மடற்குழுக்கள் குலைந்தன. யாஹூக்காரர் ஒருவர் எழுதினால் அதே குழுவில் இருந்த ஜிமெயில்காரர்கள் கூட்டமாக நிறுத்திவைக்கப்பட்டார்கள். எழுதியவர்மேலும் பிழையில்லை, வாங்கியவர்மேலும் பிழையில்லை.

அதனால்தான், பல மடற்குழுக்களை நடத்தும் மென்பொருளான மெயில்மேனில், 2014இல் வந்த 2.1.18 பதிப்பு முதல், இப்படிப்பட்ட டொமைனிலிருந்து வரும் மடலில் அனுப்புநர் முகவரியைக் குழுவின் முகவரியாக மாற்றி அனுப்பும் வசதி இருக்கிறது. அனுப்புநர் இடத்தில் ‘இன்னார், இந்தக் குழுவின் வழியாக’ என்று பார்த்திருந்தால் உங்கள் நிர்வாகி அதை இயக்கியிருக்கிறார் என்று அர்த்தம். இரண்டு குழுக்களில் எதில் அப்படி இல்லையோ அந்த நிர்வாகிக்கு ஒரு வரி எழுதுங்கள். அவர் அமைப்பை மாற்றினால் உங்களோடு சேர்ந்து மற்ற உறுப்பினர்களும் பிழைப்பார்கள்.

நிறுத்திவைக்கும் கணக்கு எப்படி ஓடுகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மெயில்மேனின் இயல்பு அமைப்பில், நிரந்தர மறுப்பு ஒன்றுக்கு 1 புள்ளி, பெட்டி நிறைந்துவிட்டது போன்ற தற்காலிக மறுப்புக்கு அரைப் புள்ளி. ஒரு நாளில் எத்தனை திரும்பினாலும் ஒருமுறைதான் எண்ணும். 5 புள்ளி சேர்ந்தால் மடல் நிற்கும். 7 நாள் எதுவும் திரும்பாவிட்டால் பழைய புள்ளிகள் அழியும். நின்றபின் வாரம் ஒன்றாக மூன்று எச்சரிக்கை. அதற்கும் அசையாவிட்டால் பெயர் நீங்கும். தினமும் மடல் பறக்கும் குழுவில் சிக்கல் உடனே தெரிவதும், மாதம் நாலு மடல் வரும் குழுவில் தெரியாமலே கிடப்பதும் இதனால்தான்.

ஆகவே முதல் விதி: குழுவில் சேர்வது, மடல் வாங்குவது, எழுதுவது மூன்றும் ஒரே முகவரியில், திருப்பிவிடுதல் இல்லாமல். குழுவின் மென்பொருளுக்கு நீங்கள் ஆள் இல்லை, ஓர் எழுத்துக்கோவை. ஜிமெயில் தன் முகவரியில் உள்ள புள்ளிகளைக் கணக்கில் எடுப்பதில்லை. புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் அதற்கு ஒரே பெட்டி. குழுவுக்கோ அவை இரண்டு வெவ்வேறு பேர். புள்ளியோடு சேர்ந்துவிட்டு, புள்ளி இல்லாத முகவரியிலிருந்து எழுதினால் ‘உறுப்பினர் அல்லாதவர்’ என்று மடல் நிற்கும். பெயருக்குப் பின்னால் + போட்டு ஒரு சொல் சேர்த்துத் தனி முகவரி உண்டாக்குவதும் இதே வம்பில்தான் முடியும். மடல் வந்து சேரும், பதில் மட்டும் + இல்லாத முகவரியிலிருந்து போய் நிற்கும்.

ஜிமெயிலில் பழைய முகவரியைக் கூடுதல் அனுப்புநர் முகவரியாகச் சேர்த்துச் சமாளிக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். தனிமடல்களுக்கு அது போதும். குழு மடலில் பெறுநர் இடத்தில் குழுவின் முகவரிதான் இருக்கும், உங்களுடையது இருக்காது. அதனால் பதில் எழுதும்போது பெரும்பாலும் இயல்பு முகவரியே வந்து நிற்கும். ஒவ்வொரு முறையும் கையால் மாற்ற வேண்டும், ஒருநாள் மறந்துபோவீர்கள்.

இனி எந்தச் சேவை என்பது. குழுவுக்கான கணக்கில் மூன்றைப் பார்க்கிறேன். தண்டர்பேர்ட் போன்ற மெயில் செயலியில் ஐமேப் (சர்வரில் உள்ள பெட்டியைச் செயலியில் திறக்கும் முறை) வழியாகத் திறக்க முடிகிறதா, மடல்தலையில் (மடலோடு மறைவாக வரும் விவர வரிகளில்) உள்ள குழு அடையாளத்தை வைத்து வடிகட்டி அமைக்க முடிகிறதா, அதன் டொமைன் டிமார்க்கில் ‘ஏற்காதே’ என்று அறிவிக்காமல் இருக்கிறதா. மூன்றாவதைச் சோதிக்க இணையத்தில் இலவசக் கருவிகள் உண்டு. டொமைன் பெயரைக் கொடுத்தால் பதிவைக் காட்டும்.

புரோட்டான் நல்ல சேவைதான், ஆனால் உங்கள் தேவைக்குப் பொருந்தாது. மறையாக்கத்தால் அதன் இலவசக் கணக்கை ஐமேப் வழியாகத் திறக்க முடியாது. அதற்கான ‘பிரிட்ஜ்’ (பாலம்) என்ற மென்பொருள் கட்டணத் திட்டங்களுக்குத்தான். அதே போன்ற இன்னொரு சேவையான டூட்டா மெயிலில் ஐமேப் அறவே இல்லை. தவிர, குழு மடல் எல்லா உறுப்பினருக்கும் போவது, பல குழுக்களில் காப்பகமும் பொதுவில் இருப்பது. அதைப் பூட்டிய பெட்டியில் வைத்து என்ன பயன்? யாஹூவை மேலே சொன்ன காரணத்துக்காக விலக்குங்கள். அலுவலக, கல்லூரி முகவரிகளும் வேண்டாம். வேலை மாறினால் முகவரி போய்விடும், அடியில் தானாக ஒட்டும் சட்ட எச்சரிக்கை ஒவ்வொரு மடலிலும் தொங்கும், விடுப்பில் போனால் ‘நான் ஊரில் இல்லை’ என்ற தானியங்கிப் பதில் குழு முழுக்கப் போகும் அபாயமும் உண்டு.

மிஞ்சுவது: இன்னொரு ஜிமெயில் கணக்கு, அவுட்லுக் டாட் காம், அல்லது சொந்த டொமைனில் கட்டணச் சேவை. பத்து, பதினைந்து ஆண்டு குழுக்களில் இருக்கப்போகிறவருக்குச் சொந்த டொமைன்தான் சிறந்தது. சேவையை மாற்றினாலும் முகவரி மாறாது. ஆண்டுக் கட்டணம் தவறினால் முகவரியே கைநழுவும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். உங்கள் நிலைமைக்குக் குழுக்களுக்கென்றே தனியான இரண்டாவது ஜிமெயில் கணக்கு போதும். இப்போதுள்ள ஜிமெயிலிலேயே சேராதீர்கள். இலவச 15 ஜிபி இடத்தை மெயிலும் டிரைவும் போட்டோக்களும் பங்கிட்டுக்கொள்கின்றன. போனில் எடுத்த வீடியோக்கள் அதை நிறைத்தால் குழு மடல்கள் திரும்பத் தொடங்கும். தனிக் கணக்கில் அந்தப் பயமில்லை. ஆனால் இரண்டு ஆண்டு பயன்படுத்தாமல் கிடக்கும் தனிநபர் கணக்கை கூகுள் நீக்கலாம். மடல் தானாக வந்து குவிவது பயன்பாடு ஆகாது, அவ்வப்போது உள்ளே போய்ப் படியுங்கள்.

கணக்கைத் தொடங்கியதும் இருபடிச் சரிபார்ப்பை இயக்குங்கள். தண்டர்பேர்டில் சேர்க்கும்போது கூகுளின் நுழைவுப் பக்கம் தானே திறக்கும், தனிக் கடவுச்சொல் தேவையில்லை. அந்த வசதி இல்லாத பழைய செயலிகளுக்கு 16 எழுத்துள்ள செயலிக் கடவுச்சொல்லை உண்டாக்க வேண்டும். வழக்கமான கடவுச்சொல்லை எத்தனை முறை சரியாக அடித்தாலும் ஏற்காது. செயலி கேட்கும் போர்ட் எண்: ஐமேப்புக்கு 993, அனுப்புவதற்கு 465 அல்லது 587. அவுட்லுக் டாட் காமும் 2024 செப்டம்பர் முதல் வெறும் கடவுச்சொல் நுழைவை நிறுத்திவிட்டது.

குடிபெயரும் வரிசை முக்கியம், இதில்தான் பலர் தவறுகிறார்கள். பழைய முகவரியை முதலில் நீக்காதீர்கள். புது முகவரியைச் சேருங்கள். உறுதிப்படுத்தும் மடல் வரும், மெயில்மேன் 2இல் அது இயல்பாக 3 நாள்தான் செல்லும். வராவிட்டால் முதலில் ஸ்பாம் பெட்டியைப் பாருங்கள். அதன்பின் ‘சோதனை, சோதனை’ என்று குழுவுக்கு எழுதிவிடாதீர்கள். குழுவின் பெயரோடு ‘ரிக்வெஸ்ட்’ என்பது ஒட்டிய கட்டளை முகவரி ஒன்று மெயில்மேனில் உண்டு. அதற்கு ‘ஹெல்ப்’ என்ற ஆங்கிலச் சொல்லை மட்டும் தலைப்பில் இட்டு அனுப்புங்கள். பதில் வந்தால் போக்கும் வரவும் சரி, யாரையும் தொல்லைப்படுத்தவும் இல்லை. பிறகு பழைய முகவரியின் உறுப்பினர் பக்கத்தில் மடல் அனுப்புவதை மட்டும் நிறுத்துங்கள். இரண்டு வாரம் புது முகவரியில் எல்லாம் வருகிறதா என்று பார்த்தபின் பழையதை நீக்குங்கள். நீக்கும்போதும் உறுதிப்படுத்தும் மடல் பழைய பெட்டிக்குத்தான் போகும். ஆகவே அந்த இணைய இணைப்பைத் துண்டிக்கும் எண்ணம் இருந்தால் இதை முடித்துவிட்டுத் துண்டியுங்கள்.

ஜிமெயிலில் முதல் குழு மடல் வந்ததும் அதைத் திறந்து, மூன்று புள்ளிப் பட்டியலில் ‘இதுபோன்றவற்றை வடிகட்டு’ என்பதை அழுத்துங்கள். தேடல் இடத்தில் குழுவின் அடையாளம் தானாக நிரம்பியிருக்கும். மடல்தலையில் ‘லிஸ்ட்-ஐடி’ என்ற வரியிலிருந்து எடுப்பது அது. யார் எழுதினாலும், தலைப்பு எப்படி மாறினாலும் அந்த வரி மாறாது. அடுத்த திரையில் ‘ஸ்பாமுக்கு அனுப்பாதே’, ‘லேபிள் இடு’ இரண்டையும் குறியுங்கள். ஸ்பாம் பெட்டியில் விழுந்தது 30 நாளில் அழிந்துவிடும் என்பதால் முதல் குறி கட்டாயம். ‘இன்பாக்ஸைத் தவிர்’ என்பதைக் குறிக்க வேண்டாம். இது குழுவுக்கான கணக்குத்தானே, எச்சரிக்கை மடல்கள் கண்ணில் படட்டும். அவுட்லுக்கில் இதே வேலைக்கு, விதிகள் பகுதியில் ‘மடல்தலையில் இது இருந்தால்’ என்ற நிபந்தனை இருக்கிறது.

வடிகட்டி வைத்தும் சில பதில்கள் லேபிள் இல்லாமல் வந்தால் குழம்ப வேண்டாம். உங்களுக்கு நேரடியாகவும் குழுவுக்கும் ஒருவர் அனுப்பும்போது, ‘இரட்டைப் பிரதி வேண்டாம்’ என்ற அமைப்பு இயங்கினால் மெயில்மேன் தன் பிரதியை உங்களுக்கு அனுப்பாது. நேரடிப் பிரதியில் குழு அடையாளம் இருக்காது. உறுப்பினர் பக்கத்தில் அந்த அமைப்பை அணைத்துவிடலாம்.

மட்டுறுத்துநரிடம் மடல் நிற்பதற்கு முகவரி வேறுபாடு முதல் காரணம், அது இனி தீரும். அதன்பிறகும் நின்றால் அளவைப் பாருங்கள். தமிழில் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு இது. மெயில்மேனின் இயல்பு வரம்பு ஒரு மடலுக்கு 40 கிலோபைட். ஆங்கிலத்தில் அது ஏறத்தாழ 40,000 எழுத்து. யூனிகோடு தமிழில் ஒரு குறியீட்டுக்கு 3 பைட். ‘கி’ என்பது ககரமும் இகரக் குறியுமாக இரண்டு குறியீடு, ஆக 6 பைட். மெயிலில் போவதற்காக பேஸ்64 முறையில் மாற்றும்போது 3 பைட் 4 ஆகும், ‘கி’ 8 பைட் ஆகிறது. எழுத்துரு, நிறம் எல்லாம் உள்ள அலங்கார வடிவில் அனுப்பினால் அதே உரை சாதா வடிவில் ஒன்று, எச்டிஎம்எல் வடிவில் ஒன்று என இரண்டு பிரதியாகப் போகும். ‘கி’ 16 பைட். சுமார் 5,000 குறியீட்டில் வரம்பு தீர்ந்துவிடும். நாலு பேரின் பழைய பதில்களை வெட்டாமல் கீழே தொங்கவிட்டால் உங்கள் இரண்டு வரி பதில்கூட நின்றுவிடுவது இப்படித்தான்.

எனவே ஜிமெயிலில் எழுதும் பெட்டியின் மூன்று புள்ளிப் பட்டியலில் ‘சாதா உரை’ முறையைத் தேர்ந்தெடுங்கள். எந்த வரிக்குப் பதில் சொல்கிறீர்களோ அதை மட்டும் விட்டு மற்றதை வெட்டுங்கள். மென்பொருள் குழுவுக்கு இது இன்னும் முக்கியம். லினக்ஸ் கெர்னல் குழு போன்றவை எச்டிஎம்எல் மடலை ஏற்பதே இல்லை. நிரல் துண்டுகளை ஜிமெயிலின் வலைப்பக்கத்தில் ஒட்டினால் வரிகள் மடங்கியும் இடைவெளிகள் மாறியும் கெட்டுப்போகும், அவற்றுக்குத் தண்டர்பேர்ட் போன்ற செயலியே வேண்டும். அதில் ‘குழுவுக்குப் பதில்’ என்று தனிப் பொத்தானே இருக்கிறது, அனுப்புநருக்கு மட்டும் பதில் போய்விடும் தவறு நேராது. குழுவை மறைபிரதியில் (பிசிசி) வைத்து அனுப்பினாலும், பத்துப் பெறுநர்களைச் சேர்த்தாலும் இயல்பு அமைப்பில் மடல் நிற்கும். நின்றால் மறுபடி அனுப்பாதீர்கள், மட்டுறுத்துநர் இரண்டையும் விட்டுவிட்டால் எல்லாருக்கும் இரண்டு வரும்.

உங்கள் மூன்றாவது சிக்கல், நீங்கள் எழுதிய மடல் உங்கள் இன்பாக்ஸுக்கு வராதது. குழு உங்களுக்குத் திருப்பியனுப்பும் பிரதியும் உங்கள் ‘அனுப்பியவை’யில் இருப்பதும் ஒரே மடல் எண் கொண்டவை. ஜிமெயில் இரண்டாவதை ஒதுக்கிவிடும். மடல் போனதா என்று அறியக் காப்பகத்தைப் பாருங்கள், அல்லது மெயில்மேனின் உறுப்பினர் பக்கத்தில் ‘என் மடல் கிடைத்ததும் ஒப்புகை அனுப்பு’ என்பதை இயக்குங்கள். இப்போதுள்ள கணக்கில் நீங்கள் எழுதியவை அப்படித்தான் காணாமல் போயின.

புதுக் கணக்கிலும் என்றாவது ‘நிறுத்தி வைத்திருக்கிறோம்’ என்று அறிவிப்பு வந்தால், அதிலுள்ள இணைப்பை அழுத்தி உடனே மீட்டுக்கொள்ளுங்கள். பிறகு குழு நிர்வாகிக்கு எழுதி, உங்களை நிறுத்தியபோது அவருக்கு வந்த திரும்பிய மடலின் நகலைக் கேளுங்கள். அதில் மூன்று எண்ணுள்ள குறியீட்டைத் தேடுங்கள். 5.1.1 என்றால் முகவரி பிழை. 4.2.2 அல்லது 5.2.2 என்றால் பெட்டி நிறைந்திருக்கிறது, இடம் காலி செய்யுங்கள். 5.7.26 என்றால் உங்கள் பக்கம் ஒன்றும் செய்வதற்கில்லை. எழுதியவரின் டொமைன் பெயரைக் குறிப்பிட்டு, டிமார்க்குக்கான முகவரி மாற்றத்தை இயக்கும்படி நிர்வாகியிடம் கேளுங்கள்.